குளிராத பிரிட்ஜில் எண்பதாயிரம் படங்கள்

திருச்செல்வத்தின் வீட்டில் இரண்டு பிரிட்ஜுகள் இருக்கின்றன. சமையலறையில் இருப்பது குளிரும். கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்பது குளிராது. அதன் கம்ப்ரசரைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு சின்ன மஞ்சள் பல்பை மாட்டியிருக்கிறார். பல்பு எந்நேரமும் எரியும். கதவைத் திறந்தால் முகத்தில் வெதுவெதுப்பான காற்று படும். முட்டை வைக்கும் குழிகளில் மெமரி கார்டுகள், காய்கறித் தட்டில் லென்ஸுகள், பால் வைக்கிற இடத்தில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள், நடுத்தட்டுகளில் கேமராக்கள். முதல் முறை வருகிறவர்கள் தண்ணீர் எடுக்க அதைத் திறந்துவிட்டு, பிரிட்ஜ் கெட்டுப்போயிருப்பதை வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மெதுவாக மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் மூடினேன்.

மலேசியாவில் ஸ்கூடாய் என்ற ஊரில் அவருக்கு அடுத்த வீட்டில் நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். ஆண்டுதோறும் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் மாதம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பாஸ்போர்ட் நகலை நான்கு இடங்களில் வைத்திருக்கிறேன். அதனால், ஒரே படத்தை மூன்று டிஸ்க்குகளில் வைத்திருக்கிற மனிதர் என்று தெரிந்ததும் அவர்மேல் எனக்கு உடனே மதிப்பு வந்துவிட்டது.

திருச்செல்வத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். செனாயில் பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இயந்திரப் பராமரிப்பு வேலை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தொழிற்சாலையில் பழுதான சரக்கைப் படம் எடுக்க வைத்திருந்த கேமரா ஒன்று கீழே விழுந்து, குப்பைக்குப் போக இருந்தது. மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தார். மூக்குக்கண்ணாடிக்காரர்கள் பயன்படுத்தும் குட்டி ஸ்க்ரூ டிரைவர்களை வாங்கி, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையில் செல்லோடேப்பில் ஒட்டி வைத்து, மூன்று வாரத்தில் அதை உயிர்ப்பித்துவிட்டார். மனைவி விமலேஸ்வரி அந்த மூன்று வாரமும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதாக இன்றைக்கும் சொல்கிறார்.

அன்றிலிருந்து செத்த கேமரா எங்கே கிடந்தாலும் அவரிடம் வந்து சேரும். ஜொகூரின் ஈரத்துக்கு லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்துதான் பல்பு எரியும் பிரிட்ஜ். பூஞ்சை பிடித்த லென்ஸைப் பிரித்துத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி பிரிப்பார். பிறகு அதை மாட்டிக்கொண்டு படம் எடுக்கப் போவார். தீமிதி, காவடி, கல்யாணம், வீட்டுக்கு முன்னால் ஓடும் பெரிய சாக்கடையில் மீன் பார்க்கும் மீன்கொத்தி. சாக்கடையை இங்கே லொங்காங் என்பார்கள். லொங்காங் மீன்கொத்தி மட்டும் ஆயிரத்து நானூறு படங்கள் இருக்கின்றன.

மொத்தம் எண்பதாயிரத்துக்கு மேல். அதில் அடுத்தவர் கைக்குப் போனது நூறுகூட இருக்காது. யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். “பிராசஸ் பண்ணணும்.” கேமராவிலிருந்து வந்தபடியே கொடுக்க அவருக்கு மனம் வராது. வெளிச்சத்தைச் சரிசெய்து, நிறத்தைத் திருத்தி, கோணலை நிமிர்த்தித்தான் கொடுக்க வேண்டும்.

“கழுவாத அரிசிய யாராச்சும் உலையில போடுவாங்களா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

சமையலறையிலிருந்து விமலேஸ்வரியின் குரல் வந்தது. “இவரு அரிசியக் கழுவிக்கிட்டே இருப்பாரு. பந்திக்கு வந்தவங்க கைய கழுவிக்கிட்டுப் போயிருவாங்க.”

மூலை வீட்டு அங்கம்மாவும் அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர். அறுபத்து மூன்று வயது. காலைச் சந்தையில் உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபாப்பும் உளுந்து வடையும் போடுகிறவர். மகன் ஹேமநாதன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய் மாலையில் திரும்புவான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குடியிருப்பு ஆட்கள் எல்லாரும் ஒரு பேருந்து பிடித்து மெர்சிங் கடலுக்குப் போனோம். அங்கே படகுத்துறையில் திருச்செல்வம் அங்கம்மாவைப் படம் எடுத்தார். சட்டகத்துக்குள் கடலையும் கொண்டுவர வேண்டுமென்று கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் நடந்து போய், ஒரு மீன் கூடைக்குள் காலை விட்டுவிட்டார். அங்கம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்த நொடியில் திருச்செல்வத்தின் விரல் பொத்தானை அமுக்கியிருந்தது. காலில் மீன் செதிலோடு வந்து கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில் காட்டினார். அங்கம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது நானா?” என்றார். பிறகு, “இத எனக்குக் குடு தம்பி,” என்றார். இவர் வழக்கமான பதிலைச் சொன்னார்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை அங்கம்மா திருச்செல்வம் வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“தம்பி, எனக்கு நெஞ்சுல வால்வு மாத்தப் போறாங்களாம். பன்னெண்டு நாள்ல வார்டுல சேரணும்.”

“ஐயோ, உள்ள வாங்கக்கா. உக்காருங்க மொதல்ல,” என்று விமலேஸ்வரி எழுந்தார்.

“உக்கார வரல. என் படத்த வாங்கிட்டுப் போக வந்தேன். மெர்சிங் படம்.”

“அதுக்கு இப்ப என்னக்கா அவசரம்?” என்றார் திருச்செல்வம்.

“அவசரம் இல்லியா? நான் போய்ட்டேன்னா என் மவன் என்ன செய்வான் தெரியுமா? என் ஐசிய எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு ஓடுவான். அந்த மூஞ்சிய பெருசாக்கி மால போட்டு மாட்டிருவான். பேப்பர்லயும் அதத்தான் குடுப்பான். ஐசில என்னப் பாத்திருக்கியா நீ? போலீஸு புடிச்சிட்டுப் போன ஆளு மாதிரி இருப்பேன்.”

ஐசி என்பது இங்கே எல்லாரிடமும் இருக்கும் அடையாள அட்டை. வீட்டில் ஒருவர் இறந்தால் அவசரத்துக்குக் கையில் கிடைப்பது அதுதான். தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவார்கள். தமிழ் நாளிதழ்களின் மரண அறிவித்தல் பக்கத்திலும் அதே முகம் வரும். வரிசையாகப் பார்த்தால் எல்லாரும் ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே மாதிரி விறைத்துப் போய் இருப்பார்கள்.

அங்கம்மாவின் கணவர் ஐயாசாமியும் அவர்கள் வீட்டுச் சுவரில் அப்படித்தான் இருக்கிறார்.

“முப்பத்தொரு வருசம் கூட வாழ்ந்தேன்,” என்றார் அங்கம்மா. “அந்தப் படத்துல இருக்கிற ஆள எனக்குத் தெரியாது தம்பி. தினம் வெளக்கு வைக்கிறேன், யாருக்கோ வைக்கிற மாதிரி இருக்கு.”

திருச்செல்வம் மெதுவாக, “தரேன்கா. கொஞ்சம் பிராசஸ் பண்ணிட்டு,” என்றார்.

“ரெண்டு வருசமா பிராசஸ்ஸு. ஒருத்தி புள்ள பெத்து அது நடக்க ஆரம்பிச்சிருக்கும். பன்னெண்டு நாள். அதுக்கு மேல உன் இஷ்டம், என் இஷ்டம் இல்ல. டாக்டர் இஷ்டம்.”

மறுநாள் ஞாயிறு. மதியம் நல்ல மழை. திருச்செல்வம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். “சார், கொஞ்சம் வாங்களேன்.” குரலில் ஏதோ சரியில்லை.

சாப்பாட்டு மேசையில் கணினி திறந்திருந்தது. திரையில் ஒரு கோப்புறை. அதன் பெயர் 2008 ஜனவரி 1.

“மெர்சிங் போனது அப்ப இல்லியே?” என்றேன்.

“அதான் சார் கதையே.”

கதை இதுதான். மெர்சிங்கில் அவர் பயன்படுத்தியது, தானே உயிர்ப்பித்த ஒரு பழைய கேமரா. கேமராவுக்குள் பெரிய பேட்டரியைத் தவிர, தேதியை நினைவில் வைத்திருக்கச் சட்டைப் பொத்தான் அளவில் இன்னொரு பேட்டரி இருக்கும். அந்தக் கேமராவில் அது செத்துப் போயிருந்தது. சார்ஜ் போடப் பெரிய பேட்டரியைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கேமரா எல்லாவற்றையும் மறந்துவிடும். தேதி 2008 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். படங்களின் எண்ணும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மாட்டியதும் சரியான தேதியைச் சொல்லச் சொல்லிக் கேட்கும். திருச்செல்வம் சொல்லமாட்டார். பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவார்.

“படம்தானே முக்கியம், தேதி எதுக்குன்னு நெனச்சேன். ஷட்டர கழட்டி மாட்டத் தெரிஞ்ச எனக்கு அந்த பட்டன் பேட்டரிய மாத்தத் தெரியாதா? சோம்பல் சார். வேற ஒண்ணும் இல்ல.”

மெர்சிங் படங்கள் முந்நூற்று நாற்பது. அவை 2008 ஜனவரி 1 என்ற கோப்புறையில் போய் உட்கார்ந்தன. நான்கு மாதம் கழித்து ரெங்கத்துத் தோட்டத்துக் கோவிலில் தீமிதித் திருவிழா. அதே கேமரா, அதே தேதி, அதே எண்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். அவற்றைக் கணினியில் ஏற்றும்போது, இதே பெயரில் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, மாற்றி எழுதவா என்று கணினி கேட்டது. ஏற்றியதையே தவறுதலாக இரண்டாம் முறை ஏற்றுகிறோம் போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கிவிட்டார். மெர்சிங்கின் முதல் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்த இடத்தில் தீமிதி வந்துவிட்டது. பிறகு, ஒழுங்கான மனிதர் என்பதால், அந்தக் கோப்புறையை மற்ற இரண்டு டிஸ்க்குகளிலும் அப்படியே நகலெடுத்தார். மூன்று நகல்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே தவறு இருந்தது. எனக்கு என் பாஸ்போர்ட் நகல்கள் ஞாபகத்துக்கு வந்தன. நான்கையும் எடுத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன்.

“இருநூத்துப் பதிமூணுலேருந்து இருக்கு,” என்றார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். மதியச் சாப்பாடு. கம்பியில் காயப்போட்ட சோத்தோங், அதாவது கணவாய். பேருந்து. திரும்பி வரும்போது பேருந்துக்குள் தூங்கும் ஆட்கள். முந்நூற்று முப்பத்தொன்றில் அங்கம்மா இருந்தார். சன்னலில் தலை சாய்ந்திருந்தது. வாய் நன்றாகத் திறந்திருந்தது.

விமலேஸ்வரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். “இதக் கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னா அக்கா ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்கள வார்டுல சேத்துருவாங்க.”

திருச்செல்வம் சிரிக்கவில்லை. “நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?”

“வாயாலதான். போய்ச் சொல்லுங்க. படம் இருக்கு இருக்குன்னு ரெண்டு வருசம் சொன்னீங்கல்ல, அதே வாயால.”

திங்கள் காலையில் அவர் சந்தைக்குப் போனார். அவருக்கு அந்த வாரம் மாலை ஷிப்ட். என்னையும் வரச் சொன்னார். நான் அலுவலகம் போகிற வழிதான். கழுத்தில் கேமரா. அங்கம்மா எண்ணெயில் வடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மார்பில் கையை வைத்து ஒரு மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி திருப்பினார்.

“அக்கா, அந்தப் படம் இல்லக்கா. என் தப்புதான். அது மேல வேற படம் ஏறிருச்சு.”

அங்கம்மா கரண்டியை நிறுத்தவில்லை. “எது மேல எது ஏறிச்சு?”

“உங்க படத்து மேல தீமிதி.”

“ம்.” வடைகளை வடித்துப் போட்டார். வாங்க நின்ற ஆட்களைப் பார்த்துச் சொன்னார். “கேட்டீங்களா? இவரு பிரிட்ஜுக்குள்ள என்ன பத்திரமா வெச்சிருந்தாரு. நெருப்பு வெச்சுட்டாராம்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கம்மாவும் உதட்டளவில் சிரித்தார். ஆனால் அடுத்தவருக்கு வடையை எண்ணாமலே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

“இப்பவே ஒண்ணு எடுத்துரலாம்கா. நல்ல வெளிச்சம் இருக்கு. நேரா நில்லுங்க.”

அங்கம்மா முன்றானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இவர் ஒரு படம் எடுத்தார். இரண்டு, ஐந்து, பத்து. “சிரிங்கக்கா.” அவர் பற்களைக் காட்டினார். திருச்செல்வம் பின்னால் நடந்து பார்த்தார். காய்கறிக்காரரின் கூடை ஒன்று கிடந்தது. இவர் வேண்டுமென்றே அதில் காலை வைத்தார் என்பது எனக்கே தெரிந்தது. அங்கம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

“கீழ விழுந்து தொலைக்காத தம்பி. அப்புறம் பக்கத்துக் கட்டில்ல நீ கெடப்ப.”

திரையைக் காட்டினார். அங்கம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இதுக்கு ஐசியே பரவால்ல,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சிரிப்பு வர மாட்டேங்குது தம்பி. பயமா இருக்கு,” என்றார்.

திருச்செல்வம் அன்றைக்கு வடை வாங்காமல் திரும்பினார்.

அந்த வாரம் முழுக்க அவர் பிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, அடுக்கினார். வேலை செய்யும் கை யோசிக்கும் என்பார். வெள்ளிக்கிழமை முட்டைக் குழிகளை எண்ணினார். பதினான்கு குழிகள். ஒவ்வொரு கார்டிலும் மார்க்கர் பேனாவால் எண் போட்டிருக்கிறார். ஏழாவது குழி காலி.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “சார்! மெர்சிங்குக்குக் கொண்டுபோனது ஏழாம் நம்பரு கார்டு! அது என்கிட்ட இல்ல!”

இல்லாதது எப்படி நல்ல செய்தி என்று எனக்குப் புரியவில்லை. விளக்கினார். மெர்சிங் படங்களைக் கணினியில் ஏற்றிய பிறகு அந்தக் கார்டை அழித்துவிட்டு, சரிசெய்த ஒரு குட்டிக் கேமராவைச் சோதிக்க அதில் போட்டிருக்கிறார். கேமராவை ஜொகூர் பாருவில் பைரோஸ் கடையில் கொடுக்கும்போது கார்டை எடுக்க மறந்துவிட்டார்.

“அழிச்சாச்சுன்னா போனதுதானே?”

“கார்ட அழிச்சா படம் உடனே போகாது சார். வாசல்ல வீட்டு நம்பர மட்டும் கழட்டிருவாங்க. ஆளுங்க உள்ளதான் இருப்பாங்க. வேற யாராச்சும் குடிவந்தாத்தான் இவங்க போவாங்க.”

“யாரும் குடிவராம இருந்திருக்கணுமே.”

“அதான் கும்புட்டுக்கிட்டு இருக்கேன்.”

சனிக்கிழமை ஜொகூர் பாருவுக்குப் போனோம். பைரோஸின் கடையில் பழைய கைப்பேசி, பழைய கேமரா எல்லாம் இருக்கும். அவருடைய தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே சாப்பாட்டுக் கடை வைத்தவர். பைரோஸ் அடுப்பின் பக்கம் நிற்கப் பிடிக்காமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார். கல்லாவில் அவர் மனைவி அல்ஃபியா இருந்தார். மேசைமேல் ஒரு சின்ன ரேடியோ பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தது.

“ஏழாம் நம்பர் போட்ட கார்டா?” பைரோஸ் தலையைச் சொறிந்தார். “செல்வம்ணே, அது வேலைக்குப் போய் ரெண்டு வருசமாச்சு. அதோ, பாடிக்கிட்டு இருக்கு பாருங்க.”

ரேடியோவின் பக்கவாட்டில் கார்டின் முதுகு தெரிந்தது. மார்க்கரில் ஏழு.

“அலமாக்!” திருச்செல்வம் தலையில் கைவைத்தார். “எத்தன பாட்டு ஏத்தியிருக்கீங்க பாய்?”

“அது என் டிப்பார்ட்மெண்ட் இல்லண்ணே. அவங்களக் கேளுங்க.”

“மாசாமாசம் அழிச்சிட்டு மாத்துவேன்,” என்றார் அல்ஃபியா. “ஒரே பாட்ட எத்தன நாள் கேக்கறது? ஏன் அண்ணே, என்னாச்சு?”

“அதுக்குள்ள ஒரு அக்கா இருக்காங்கம்மா.”

அல்ஃபியா ரேடியோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு உடனே பாட்டை நிறுத்தி, கார்டை நக நுனியால் உருவிக் கொடுத்தார். “எடுத்துட்டுப் போங்க. ஆனா என் பாட்ட திருப்பிக் கொண்டுவந்துரணும். உங்களப் பத்தி எனக்குத் தெரியும். எங்க புள்ளைக்கு முடி எறக்குன அக்கீக்காவுக்கு எடுத்த படம் இன்னும் வரல.”

“கைக்குழந்தையாப் படத்துல இருக்கிறவன் இப்ப ஸ்டாண்டர்ட் ஒன்,” என்றார் பைரோஸ்.

திருச்செல்வம் அங்கேயே தன் பையிலிருந்து புதுக் கார்டு ஒன்றை எடுத்து, கடைக் கணினியில் பாட்டுகளை அதற்கு மாற்றி, ரேடியோவில் செருகிவிட்டுத்தான் கிளம்பினார். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே அவர் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை என் மடிக்கணினியைக் கேட்டு வாங்கினார். தன் கணினியின்மேல் நம்பிக்கை போய்விட்டது என்றார். அழிந்த கோப்புகளைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டார். இரண்டு மணிநேரம் ஓடியது. விமலேஸ்வரி மேசையில் இடம் இல்லாமல் தட்டுகளைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் பாட்டுகளாக வந்தன. பல மாதத்துப் பாட்டுகள். பிறகு பேருந்தின் பக்கவாட்டு. பிறகு யாரோ ஒருவரின் காது. பாதிப் படகு. ஒரு படம் முழுக்க இளஞ்சிவப்பு. ஒரு படத்தில் வானம் மட்டும்.

திருச்செல்வம் சுட்டியை அமுக்குவதும் அடுத்ததைத் திறப்பதுமாக இருந்தார். நூற்று நாற்பது, நூற்று ஐம்பது.

நூற்று அறுபத்தேழைத் திறந்ததும் விமலேஸ்வரி, “ஏங்க!” என்றார்.

அங்கம்மா. தலைக்குப் பின்னால் மெர்சிங் கடல். காற்றில் நெற்றி முடி பறக்கிறது. கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கன்னம் முழுக்க மேலே ஏறியிருக்கிறது. பேருந்தில் வாய் திறந்திருந்த அதே பெண் என்று சொல்லவே முடியாது. கழுத்தும் தோளும் வரை இருந்தது. தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல் பட்டை.

“மேலேருந்து கீழ வரிவரியாத்தான் எழுதும் சார்,” என்றார் திருச்செல்வம். “மேல் பாதி தப்பிச்சிருச்சு. கீழ் பாதியில பாட்டு குடிவந்திருச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தால் துடைத்தார். லென்ஸ் துடைக்கிறவர் சட்டையால் எதையும் துடைக்கமாட்டார்.

படத்தை முதலில் நான்கு இடங்களில் சேமித்தோம். ஒன்று என்னிடம். சாம்பல் பட்டையை வெட்டி எடுத்தார். பிறகு வழக்கம்போல் வெளிச்சத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தார். கடலின் நிறத்தைக் கொஞ்சம் தள்ளினார், திரும்ப இழுத்தார். கன்னத்தின் நிழலைத் தூக்கினார், இறக்கினார். அரைமணி நேரம் ஆனது. விமலேஸ்வரி வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். இவர் திரும்பிப் பார்த்துவிட்டு, செய்த திருத்தங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்தார். கேமரா எடுத்தபடியே திங்களன்று கடையில் கொடுத்து, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டார்.

செவ்வாய் மாலை மூலை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஹேமநாதன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அங்கம்மா மருத்துவமனைக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். படத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தார். சட்டத்தைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு நேரமெடுத்துப் பார்த்தார்.

“கீழ காணோமே?”

“அது மட்டும் வரலக்கா.” திருச்செல்வத்தின் குரல் இறங்கிவிட்டது. “சேல தெரியல. மன்னிச்சிருங்க.”

“சேல கெடக்குது. கையில ஒரு கருவாட்டுப் பை வெச்சிருந்தேன். சாவு படத்துல கருவாட்டோட நிக்கணுமேன்னு எனக்கு அப்பவே கவல.” பிறகுதான் சிரித்தார். அதே சிரிப்பு இல்லை. ஆனால் அதற்கு உறவு. “நல்லதாப் போச்சு. அத நீயே அழிச்சிட்ட.”

ஹேமநாதன் எட்டிப் பார்த்தான். “மா, இது நல்லா இருக்கே. ஆனா இத இப்ப எங்க வைக்கிறது? அலமாரியில வைக்கட்டா?”

“அலமாரியிலயா? எனக்கு ஏதாச்சும் ஆனா நீ அழுதுகிட்டு அத எங்க தேடுவ? ஐசிதான் கையில கெடைக்கும். மாட்டு சுவத்துல. இப்பவே, நான் பாக்க.”

“உயிரோட இருக்கும்போது யாரும்மா மாட்டுவா?”

“நான் மாட்டுவேன். ஆணியக் கொண்டா.”

ஐயாசாமியின் சாம்பல் முகத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். கொஞ்சம் கோணலாக இருந்தது. திருச்செல்வம் போய் நிமிர்த்தினார்.

வியாழனன்று அங்கம்மா வார்டில் சேர்ந்தார். அந்த நாட்களில் காலைச் சந்தையில் அவர் இடம் காலியாக இருந்தது. நான் அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். பதினெட்டாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இளைத்திருந்தார், மார்பு நடுவே நீளமாகத் தையல், ஆனால் வாய் அப்படியே இருந்தது. இப்போது வடை போடுகிறார். மூட்டை தூக்குவது மட்டும் ஹேமநாதனின் வேலை.

திருச்செல்வம் அந்தப் பழைய கேமராவைப் பிரித்து, பொத்தான் பேட்டரியை மாற்றிவிட்டார். கால் மணிநேர வேலை. அக்கீக்கா படங்களை இன்னும் பைரோஸுக்குக் கொடுக்கவில்லை. பிராசஸ் நடக்கிறது என்கிறார். அல்ஃபியா தன் ரேடியோவில் அவர் குரலைப் பதிந்து போடப்போவதாக மிரட்டியிருக்கிறார்.

அங்கம்மாவின் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வந்த தூரத்து உறவினர் பேச்சியம்மாள் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு, முகம் மாறி, பையில் இருந்த பலகாரத்தை ஒளித்துக்கொண்டு, “எப்ப ஆச்சுப்பா? ஒரு வார்த்த சொல்லலியே,” என்று ஹேமநாதனின் கையைப் பிடித்தாராம். அதற்குள் அடுக்களையிலிருந்து அங்கம்மா, “யாருடா அது, செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு,” என்று கத்தியிருக்கிறார். பேச்சியம்மாளைத் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்களாம்.

ஹேமநாதன் என் எதிரிலேயே ஒருநாள் அம்மாவிடம் கேட்டான். “இன்னும் எத்தன பேரப் பயமுறுத்தணும்? எடுத்து உள்ள வெச்சிரலாம்மா. வேணும்போது மாட்டிக்கலாம்.”

அங்கம்மா படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேலிப் பக்கம், அங்கே லொங்காங் ஓரத்தில் மீன்கொத்திக்காகக் குனிந்து நிற்கும் திருச்செல்வத்தை ஒரு பார்வை.

“இருக்கட்டும்டா. எடுத்து வெச்சு நீ எங்கயாச்சும் தொலச்சிட்டா, மறுபடி அவன்கிட்ட கேட்டு வாங்க எனக்கு ஆயுசு இல்ல.”